கட்டுநாயக்காவுக்குப் போகமுன்: ஒன்ராறியோவில் கார் ஓட்டப் போகிறவருக்கு

விசா வந்த வீட்டில் முதலில் வெளியே வருவது தராசு. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனாட்டு என்று நிறுத்து நிறுத்துப் பெட்டியில் வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து நான் போய், "தம்பி, லைசென்ஸ் அலுவல் எல்லாம் முடிச்சாச்சோ?" என்று கேட்பேன். "அது பேர்சுக்குள்ள கிடக்குது அண்ணை" என்று பதில் வரும். பேர்சுக்குள் கிடப்பது வெறும் அட்டை. அதை எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள் என்று அட்டை சரியாகச் சொல்லாது. அதைச் சொல்லும் கடிதம் ஒன்று வேண்டும். அந்தக் கடிதத்தை இங்கே எடுப்பது ஓரிரண்டு நாள் அலைச்சல். அங்கே போன பிறகு எடுப்பதென்றால் ஊரில் ஒருவரைப் பிடித்து, அவரைக் கெஞ்சி, கூரியர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 14 வருடம் இருந்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவன். கனடா போகிற பிள்ளைகள் ஒழுங்கையில் என்னைக் கண்டால் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் பதில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கனடாவில் லைசென்ஸ் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. எங்கள் ஆட்கள் அதிகம் போவது ரொறன்ரோ பக்கம் என்பதால் இங்கே ஒன்ராறியோ மாகாணத்தை மட்டும் சொல்கிறேன்.

அங்கே முறை எப்படி

காருக்கான லைசென்ஸ் மூன்று படி. கண் பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும் முடித்தால் ஜி1 கிடைக்கும். 12 மாதம் பொறுத்து முதல் ஓட்டப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் ஜி2. இன்னொரு 12 மாதம் போன பிறகு இரண்டாவது ஓட்டப் பரீட்சை, அதன் பிறகுதான் முழு ஜி. எல்லாவற்றையும் 5 வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் லைசென்ஸ் உள்ளவர்களுக்குப் போதிய அனுபவம் இருந்தால் ஓட்டப் பரீட்சை இல்லாமலே மாற்றிக் கொடுப்பார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. லண்டனில் இருந்து கனடாவுக்குப் போன மச்சான் சொல்வதை நம்பி ஏமாறுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அவருக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

ஆனால் இலங்கையில் ஓட்டிய காலத்தை வீணென்று தள்ளிவிடவும் மாட்டார்கள். கடந்த 3 வருடத்துக்குள் 12 மாதத்துக்கு மேல் அனுபவம் இருந்தால், எழுத்துப் பரீட்சை முடிந்த கையோடு ஜி2 ஓட்டப் பரீட்சைக்குப் பதியலாம். 24 மாதத்துக்கு மேல் என்றால் நேரே ஜி பரீட்சைக்கே போகலாம். இரண்டு வருடக் காத்திருப்பு அப்படியே போய்விடும். அதற்குத்தான் கடிதம். லைசென்ஸ் கொடுத்த திணைக்களமோ உங்கள் நாட்டின் தூதரகமோ தந்த கடிதம் இல்லாமல் 24 மாதக் கணக்கை ஏற்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் செய்ய வேண்டியவை

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் எந்தெந்த வகுப்பு என்று இருக்கும். இங்கே அரைவாசிப் பெடியளிடம் இருப்பது மோட்டார் சைக்கிளுக்கான ஏ வகுப்பு மட்டும். பீ1 என்றால் முச்சக்கர வண்டி. காருக்கு உரியது பீ. பலாலி வீதியில் பத்து வருடம் பல்சர் ஓட்டியிருந்தாலும் அது ஒன்ராறியோவின் கார் லைசென்ஸுக்கு உதவாது. பயணத்துக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றால் இப்போதே லேணர்ஸில் சேர்ந்து பீ வகுப்பை எடுங்கள். எழுத்துப் பரீட்சை முடிந்து 3 மாதம் கழித்துத்தான் ஓட்டப் பரீட்சைக்கு விடுவார்கள் என்பதால் கடைசி நேரத்தில் ஓடி எடுக்க முடியாது.

அடுத்தது பெயர். இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் எங்கள் ஆட்களுக்கு இதில்தான் அதிகம் இடிக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். லைசென்ஸில் அப்பா பெயரும் சொந்தப் பெயரும் ஒரே வரியில் ஓடும். சிலருக்கு அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும். இதற்கு மேல் ஆங்கில எழுத்துக்கூட்டு: 'தர்ஷன்' என்ற ஒரே பெயர் கடவுச்சீட்டில் 'டி'க்குப் பின்னால் 'எச்' போட்டும், லைசென்ஸில் அந்த 'எச்' இல்லாமலும் இருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒரே ஆள். ஸ்காபரோ கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு அது இரண்டு பேர். மூன்று ஆவணத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், கடவுச்சீட்டில் உள்ளபடி லைசென்ஸைத் திருத்தி எடுத்த பிறகு கடிதத்துக்குப் போங்கள்.

இனிக் கடிதம். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் கொடுக்கும் உறுதிப்படுத்தல் கடிதம் இது. முதலில் கச்சேரியில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்துக்குப் போகச் சொன்னால் இரவு பஸ்ஸில் ஏறிவிடுங்கள். வேரஹெர கொழும்புக் கோட்டைக்குப் பக்கத்தில் இல்லை, பொரலஸ்கமுவைப் பக்கம். காலையில் பஸ்ஸால் இறங்கி முகம் கழுவிக்கொண்டு நேரே போனால் வரிசையில் முன்னுக்கு நிற்கலாம். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முழுப் பெயர், பிறந்த திகதி, லைசென்ஸ் இலக்கம், வகுப்புகள், ஒவ்வொரு வகுப்பும் முதன்முதலில் கிடைத்த திகதி, எதுவரை செல்லும், இப்போது நடப்பில் உள்ளதா என்பது. ஆங்கிலத்தில் கேளுங்கள். கையொப்பம், முத்திரை, திணைக்களத் தலைப்பு மூன்றும் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரமுன் பாருங்கள்.

'முதன்முதலில்' என்ற சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் ஆறு வருடமாகத் தகப்பனின் வான் ஓட்டியவன். போகமுன் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு போனால் நல்லது என்று யாரோ சொல்ல, புதுப்பித்தான். நல்ல யோசனைதான். ஆனால் கடிதம் எடுக்கவில்லை. அங்கே போய் அட்டையை நீட்டினான். புது அட்டையில் இருந்த திகதி நாலு மாதத்துக்கு முந்தியது. நாலு மாத அனுபவக்காரன் என்று கணக்கெடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊரில் தாய் அலைந்து கடிதம் எடுத்து அனுப்பும்வரை அவன் டிசம்பர்க் குளிரில் பஸ் தரிப்பில் நின்றான். ஆகவே புதுப்பியுங்கள், கடிதமும் எடுங்கள், பழைய அட்டையின் போட்டோக் கொப்பி ஒன்றும் வைத்திருங்கள்.

ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். ஆனால் அவர்களும் கொழும்பைக் கேட்டுத்தான் எதையும் உறுதிப்படுத்த வேண்டும். நாட்டுக்குள் நிற்கும்போது நாமே போய்க் கேட்பது கெதி.

சர்வதேச லைசென்ஸ் எடுப்பதா என்று எல்லோரும் கேட்பார்கள். கொழும்பு 3இல் உள்ள ஒட்டோமொபைல் அசோசியேசன் அதைக் கொடுக்கிறது. அது உங்கள் இலங்கை லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. தனியாக நின்று எதற்கும் உதவாது, அனுபவக் கணக்கிலும் சேராது. முதல் இரண்டு மாதத்தில் வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு இங்கே கண்ணாடி போடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்: கண் மங்கல் உள்ளவர்கள் கண் பரிசோதனையும் மூக்குக்கண்ணாடியும் யாழ்ப்பாணத்தில் முடித்துக்கொண்டு போவது பெரிய மிச்சம். அங்கே கவுண்டரில் ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி எழுத்து வாசிக்க விடுவார்கள். அதில் தவறினால் மிச்ச அலுவல் அப்படியே நிற்கும்.

இறங்கிய பிறகு

ஒன்ராறியோவில் குடியேறிய நாளிலிருந்து 60 நாள் இலங்கை லைசென்ஸில் ஓட்டலாம். அதன் பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் அர்த்தம். 60 நாளும் ஓட வேண்டும் என்றும் கட்டாயமில்லை. வலது பக்கம் ஓடும் நாட்டில் இறங்கிய அடுத்த நாளே பெரியப்பாவின் காரை எடுத்துக்கொண்டு மார்க்கம் வீதியில் ஏறாதீர்கள்.

லைசென்ஸ் பரீட்சை நடத்தும் டிரைவ் டெஸ்ட் நிலையத்துக்குக் கடவுச்சீட்டு, இலங்கை லைசென்ஸ், கடிதம் மூன்றையும் மூலப்பிரதியாகக் கொண்டு போங்கள். கட்டணம் 160 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் எழுத்துப் பரீட்சை, முதல் ஓட்டப் பரீட்சை, 5 வருட லைசென்ஸ் எல்லாம் அடக்கம். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், பார்த்தால் தேத்தண்ணியும் குடிக்க மனம் வராது.

எழுத்துப் பரீட்சையில் வீதிச் சட்டம் 20 கேள்வி, வீதிக் குறியீடு 20 கேள்வி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 16 சரியாக வர வேண்டும். ஒன்றில் 20உம் மற்றதில் 15உம் எடுத்தால் தவறியதுதான். இந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள் என்பது என் அபிப்பிராயம். படிப்பதற்கான அரசாங்கக் கைநூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் வருகிறது. வீதியில் நிற்கும் பலகைகளும் ஆங்கிலம். தமிழ்க் கேள்வியில் வரும் ஒரு சொல்லுக்கு அவர்கள் எதை நினைத்து எழுதினார்கள் என்று யோசித்துக்கொண்டு இருக்கவே நேரம் போய்விடும். ஆங்கிலம் பழகாத அம்மா அப்பாவுக்குத் தமிழ்த் தாள் பெரிய உதவி, அவர்கள் வெட்கப்படாமல் கேட்டு வாங்கட்டும். ஓட்டப் பரீட்சை மட்டும் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. மொழிபெயர்ப்பாளரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. 'புல் ஓவர்', 'த்ரீ பொயின்ட் டேர்ன்', 'பரலல் பார்க்', 'கேர்ப்' போன்ற ஒரு இருபது சொல்லைக் காதுக்குப் பழக்கிக்கொண்டால் போதும்.

ஜி1 வைத்துக்கொண்டு தனியே ஓட முடியாது. குறைந்தது 4 வருட அனுபவம் உள்ள முழு லைசென்ஸ்காரர் ஒருவர் முன்சீட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து காலை 5 மணிவரை ஓட்டக் கூடாது. 401, 404 போன்ற 400 வரிசைப் பெருந்தெருக்களிலும் டொன் வலி, கார்டினர் போன்ற வேகப் பாதைகளிலும் ஏறக் கூடாது. மது ஒரு துளியும் ஆகாது. அனுபவக் கணக்கு ஏற்கப்படாதவர்கள் இந்த நிலையில் 12 மாதம் இருக்க வேண்டும். அரசாங்கம் அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் படித்தால் அது 8 மாதமாகக் குறையும். அந்தப் பாடநெறி 40 மணித்தியாலம், அதில் காரில் 10 மணித்தியாலம். ஸ்காபரோவில் தமிழில் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளி அங்கீகாரம் பெற்றதா என்று மாகாண அரசின் பட்டியலில் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

ஓட்டப் பரீட்சையும் எங்கள் பழக்கங்களும்

அனுபவக்காரர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். நானும் தவறினேன். அதுவும் ஒரு 'ஸ்டொப்' பலகையில். கொக்குவில் சந்தியில் நாங்கள் எப்படி நிற்போம்? காலைப் பிரேக்கில் வைத்து, ஊர்ந்து, எட்டிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றால் அப்படியே எடுப்போம். அதை நாங்கள் நின்றதாகத்தான் நினைக்கிறோம். பரீட்சகர் தாளில் ஒரு கோடு போட்டார். அடுத்த சந்தியில் இன்னொரு கோடு. திரும்பி வந்து நிறுத்தியதும், "உன் சக்கரம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை" என்றார். எனக்கு வந்த கோபம்! பிறகு என் மருமகன் பக்கத்தில் இருந்து ஓட்டிக் காட்டியபோதுதான் விளங்கியது. கார் முழுதாக நிற்கும்போது முன்பக்கம் மெல்லக் கீழே சாய்ந்து திரும்ப நிமிரும். அந்த நிமிர்வு முதுகில் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு இடம், வலம், திரும்பவும் இடம் பார்த்துவிட்டு எடுங்கள். நிறுத்தற் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், கோட்டுக்கு மேல் அல்ல.

அடுத்தது தலையைத் திருப்புவது. பாதை மாறும்போது கண்ணாடியில் பார்த்தால் போதாது, தோளுக்கு மேலால் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் சுழற்றினால் பரீட்சகருக்குத் தெரியாது. கொஞ்சம் நடிப்பதுபோலவே திருப்புங்கள்.

ஹோன் அடிப்பது எங்களுக்கு ஒரு பாஷை. வருகிறேன், விலகு, நன்றி, வணக்கம் எல்லாம் அதில் சொல்வோம். அங்கே ஹோன் அடித்தால் ஏசியதாகத்தான் எடுப்பார்கள். பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்தால், அவர் வீதியை முழுவதும் கடந்து மற்றப் பக்கம் ஏறும்வரை நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி வீதியில் ஆளுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியால் நுழைகிற எங்கள் கெட்டித்தனம் அங்கே குற்றம். சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பலாம், தடைப் பலகை இல்லாவிட்டால். ஆனால் முதலில் முழுதாக நிற்க வேண்டும். இடது பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வரும் வாகனங்களை வெட்டிப் போகிறோம். எங்கள் மூளையில் அது வலது பக்கத்துக்குப் பதிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வெறுமையான வீதியில், இடது திருப்பத்தை மட்டும் ஐம்பது தரம் பழகுங்கள்.

இங்கே கியர் பழகிப்போனவர்கள் அங்கேயும் கியர்க் கார் தேடத் தேவையில்லை. ஒன்ராறியோவில் ஒட்டோவில் பரீட்சை செய்தாலும் அதே ஜிதான்.

காப்புறுதி

லைசென்ஸ் எடுப்பதை விட இதுதான் கசப்பு. காப்புறுதி இல்லாமல் கார் ஓட்டினால் முதல் முறையே 5,000 முதல் 25,000 டொலர்வரை தண்டம். சட்டப்படி மூன்றாம் ஆளுக்குக் குறைந்தது 2 இலட்சம் டொலர் காப்பு வேண்டும், நடைமுறையில் பலரும் 10 இலட்சத்துக்குக் குறையாமல் எடுக்கிறார்கள். புதியவருக்கு மாதக் கட்டணம் கேட்டால் தலை சுற்றும். இலங்கை அனுபவத்தை அரசாங்கம் ஏற்றாலும் காப்புறுதிக் கம்பனி ஏற்க வேண்டும் என்றில்லை. ஆனால் கேளுங்கள், கடிதத்தைக் காட்டுங்கள், பயிற்சிப் பள்ளிச் சான்றிதழையும் காட்டுங்கள். மூன்று நாலு இடத்தில் விலை கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். மாமாவின் பெயரில் காரைப் போட்டு, மாமாதான் ஓட்டுகிறார் என்று எழுதிவிட்டு நீங்கள் ஓட்டும் 'ஐடியா' ஒன்றை யாராவது சொல்வார்கள். விபத்து நடந்தால் கம்பனி கைவிரித்துவிடும். மாமாவோடு உறவும் போய்விடும்.

எடுத்ததைக் காப்பாற்றுவது

5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் 6 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும். போன புதிதில் வருடத்துக்கு இரண்டு பேஸ்மென்ட் மாறுவோம், இதைத்தான் முதலில் மறப்போம். பிறகு அபராதக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், கட்டாமல் விட்டதற்கு லைசென்ஸே நின்றுவிடும். மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோவில் இணையத்திலேயே முகவரியை மாற்றலாம், ஐந்து நிமிட வேலை.

அங்கே பூச்சியத்தில் தொடங்கித் தவறுக்குத் தவறு புள்ளி ஏறும். முழு லைசென்ஸ்காரருக்கு 15 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் இடைநிறுத்தம். ஜி1, ஜி2காரருக்கு 9 புள்ளியே போதும். மஞ்சள் பள்ளி பஸ் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றால், நடுவில் தடுப்புத்திட்டு இல்லாத வீதியில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நிற்காமல் போனால் முதல் தடவையே 6 புள்ளியும் 400 முதல் 2,000 டொலர்வரை தண்டமும். கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டிப் பிடிபட்டால் ஜி1, ஜி2காரருக்கு 30 நாள் லைசென்ஸ் போகும். ஊரில் இருந்து அம்மா வாட்ஸ்அப்பில் எடுக்கும் நேரம் எப்போதும் அங்கே வேலைக்குப் போகும் நேரம்தான். எடுக்காதீர்கள், பிறகு கதைக்கலாம்.

ஊருக்குத் திரும்பி வந்து நீண்ட நாள் நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒன்ராறியோ லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் திரும்பப் போகும்போது கண் பரிசோதனை. 3 வருடம் தாண்டினால் எழுத்தும் இரண்டு ஓட்டப் பரீட்சையும் திரும்ப. 10 வருடம் தாண்டினால் புது ஆள்போல ஜி1இல் இருந்து காத்திருப்போடு தொடங்க வேண்டும். என்னுடையது இரண்டாவது வகைக்குள் போய்விட்டது.

விடுமுறையில் யாழ்ப்பாணம் வரும்போது

கனடா லைசென்ஸை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது. பழைய இலங்கை லைசென்ஸ் நடப்பில் இருந்தால் பிரச்சினை இல்லை, அதனால் அதைத் தூக்கி எறியாதீர்கள். காருக்கான அட்டை 8 வருடம் செல்லும். இல்லாதவர்கள் கனடாவிலேயே சி.ஏ.ஏ. (அங்குள்ள ஒட்டோமொபைல் அசோசியேசன்) கொடுக்கும் சர்வதேச லைசென்ஸை எடுத்துவந்து இங்கே அனுமதி பெற வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசென்ஸ் கொடுக்க ஒரு கவுண்டர் திறந்திருக்கிறார்கள்.

வந்த முதல் நாள் நான் செய்த வேலையைச் செய்யாதீர்கள். ஒழுங்கையால் வெளிக்கிட்டு காங்கேசன்துறை வீதியில் ஏறும்போது கை தானாக வலது பக்கத்தைப் பிடித்துவிட்டது. எதிரே மினி பஸ். அன்று ஹோன் பாஷை முழுவதும் எனக்கு ஒரே மூச்சில் விளங்கியது. பின்னேரம் மருமகன் ஒரு துண்டுத் தாளில் 'இடம்' என்று எழுதி ஸ்டியரிங்குக்கு நடுவில் ஒட்டிவிட்டான். அது ஒரு கிழமை அங்கேயே இருந்தது.